எட்டாம் நம்பர் பழம்

அந்த வீட்டில் கடைசி வார்த்தை புருஷனுடையதும் இல்லை, பெண்டாட்டியுடையதும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த ஓர் அட்டைதான் அங்கே தீர்ப்புச் சொல்லும். அட்டையில் ஏழு வாழைப்பழங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றாம் நம்பர் முழுப் பச்சை. இரண்டில் பச்சை லேசாக வெளுத்திருக்கும். நாலில் மஞ்சள் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். ஆறு முழு மஞ்சள். ஏழில் மஞ்சளின் மேல் பழுப்புப் புள்ளிகள். அத்தோடு அட்டை முடிந்தது. ஏழுக்கு மேல் உலகத்தில் வாழைப்பழமே கிடையாது என்பதுபோல வெள்ளையாக ஓர் ஓரம் மட்டும் மிச்சம்.

அட்டையைக் கொண்டுவந்தவர் வீட்டுக்காரர். பழக் கிடங்கில் முப்பத்தோரு வருஷமாகத் தரம் பார்க்கிறவர். லாரியில் வந்த பெட்டியைத் திறப்பார்கள், இவர் ஒரு பார்வை பார்ப்பார், நம்பரைச் சொல்வார், அவ்வளவுதான். பழத்தைத் தொடமாட்டார். தொட்டுப் பார்க்கிறவன் கத்துக்குட்டி என்பது அவர் கட்சி. இரண்டாம் நம்பர் வரைக்கும் சரக்கு உள்ளே வரலாம். அதைத் தாண்டியது வாசலோடு சரி. ஏனென்றால் பழுக்க ஆரம்பித்த ஒரு பெட்டி உள்ளே போனால், அறையில் இருக்கும் அத்தனை காயையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடும். கிடங்குக்குள் எங்கேயாவது ஒரு பழத்தில் புள்ளியைக் கண்டால் "ஏழு" என்பார். ஏழு என்றால் குப்பை. அதனால் அங்கே அவருக்குப் பெயரே ஏழு சார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் பழத்தட்டைப் பார்ப்பார். "ஏழு" என்பார். காம்பைப் பிடித்து இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவார்.

அவர் மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, பழைய துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். இடுப்பு பெருத்தவர்களும் இளைத்தவர்களும் அவளைத்தான் தேடி வருவார்கள். தெருவில் அவள் ஆல்ட்டர் அக்கா. முழங்கால் கிழிந்த பேன்ட்டை அரை டிராயர் ஆக்குவாள், அரை டிராயரைப் பை ஆக்குவாள், பை நைந்து போனால் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி ஆக்குவாள். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அப்படிப்பட்டவருக்குக் கட்டி வைத்தார்களே, அந்தப் பெரியவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

இருபத்துநாலு வருஷம் ஆல்ட்டர் அக்கா வாயைத் திறக்கவில்லை. பழம் அவர் தொழில், அதில் நமக்கென்ன என்று இருந்தாள். கடைசியில் திறந்தது ஒரு சனிக்கிழமை. தானே போய் வாங்கி வந்த ஒரு சீப்புப் பழத்தில் ஐந்தை அவர் அலட்சியமாகக் கூடையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நூல் துண்டுகளைக் கொட்டப் போனவள் கூடையின் மூடியைத் திறந்தாள். வெங்காயச் சருகின் மேல் ஐந்தும் அடிபடாமல் கிடந்தன. ஒன்றை எடுத்து உரித்தாள். உள்ளே ஒரு கறுப்பு இல்லை. தேன் வாசனை அடித்தது. அவளுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தனை வருஷமா நான் என்ன முட்டாளா இருந்திருக்கேன்!" என்று சத்தமாகவே சொன்னாள்.

மற்றதையும் கழுவி உரித்து, ஐந்தையும் முள்கரண்டியால் மசித்தாள். இரண்டு முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய், மைதா, ஒரு சிட்டிகை சோடா மாவு. ஓவனில் வைத்த முக்கால் மணி நேரத்தில் வீடு முழுக்க வாசனை. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகள் அறையிலிருந்து மூக்கு இழுத்த வழியிலேயே வந்து, நின்றபடியே மூன்று துண்டு தின்றாள். ஏழு சார் பேப்பரை மடித்துவிட்டு வந்து கேட்டார், "என்ன கேக்?"

"வாழைப்பழ கேக்."

"எந்தப் பழம்?"

"நீங்க போட்டது."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "குப்பையை எடுத்துத் திங்கற நிலைமைக்கு இந்த வீடு இன்னும் வரல."

"நீங்க போட்டீங்க, அது குப்பை. நான் எடுத்தேன், அது பழம். எதுல உங்களுக்குச் சந்தேகம்?"

மகள் நாலாவது துண்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் அப்பா அந்தக் கேக்கைத் தொடவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் செய்த எதையும் தொடவில்லை.

அன்றிலிருந்து போர். அவர் எழுவதற்கு முன்னால் அக்கா எழுந்து, புள்ளி விழுந்த பழங்களை உரித்துத் துண்டு போட்டு, பட்டன் போட்டு வைத்திருந்த பழைய தகர டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரின் அடியில் ஒளித்து வைப்பாள். உறைந்த துண்டை மிக்ஸியில் அடித்தால் ஐஸ்கிரீம் மாதிரி திரண்டு வரும். மகளுக்கு அது உயிர். ஒரு நாள் சுளுக்கிய முழங்காலுக்கு ஐஸ் தேடிய ஏழு சார் டப்பாவைத் திறந்தார். அக்காவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, டப்பாவை மேஜையில் நங்கென்று வைத்தார்.

"என்ன இது, எனக்குத் தெரியாம?"

தெரியாமல் செய்ததுதான் தப்பு என்று அக்காவுக்கும் அப்போது பட்டது. என் வீட்டில் நான் ஏன் ஒளிக்க வேண்டும்? மகளுடைய கலர் பென்சில் டப்பாவிலிருந்து பழுப்பையும் கறுப்பையும் எடுத்தாள். நேரே ஃபிரிட்ஜ் கதவுக்குப் போய், அட்டையின் வெள்ளை ஓரத்தில், ஏழாம் நம்பருக்கு அடுத்து, ஒரு வாழைப்பழம் வரைந்தாள். அவளுக்குத் துணியில் கோடு போடத் தெரியும், பழம் வரையத் தெரியாது. சுரைக்காய் மாதிரி வந்தது. கீழே எழுதினாள்: "எட்டு. உரி, நறுக்கு, ஃப்ரீசரில் வை. கேக். தூக்கிப் போடாதே."

ஏழு சார் அட்டைக்குக் கிட்டே ஓடி வந்தார். "இது உலகம் பூரா உபயோகப்படுத்தற அட்டை. இதுல போய்க் கை வைக்கறியே?"

"உலகம் பூரா ஏழோட நின்னுட்டா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவர் அதைக் கிழித்து எறியவில்லை. அட்டையைக் கிழிப்பது அவருக்கு எட்டு வரைவதைவிடப் பெரிய பாவம். அதனால் எட்டு அங்கேயே இருந்தது, சுரைக்காய் மாதிரி.

ஒரு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. தைத்து முடித்த கோட்டைக் கொடுத்துவிட்டு அக்கா சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். ஏழு சார் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்து, முன்னறை நாற்காலியில் டிவியைப் போடாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக்குள் போனவள் குப்பைக்கூடையைத் திறந்தாள். உள்ளே மூன்று வாழைப்பழங்கள். நேற்று அவள் வாங்கியவை. காம்பில் பச்சை கூட இன்னும் போகவில்லை. நாலு, மிஞ்சிப் போனால் ஐந்து. ஒரு புள்ளி இல்லை.

மூன்றையும் அள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"ஏங்க, இது என்ன?"

"பார்த்தா தெரியல? ஏழு."

"எது ஏழு? இதுவா? எட்டு வரைஞ்சதுக்குப் பழி வாங்கறீங்க, அதானே? நல்ல பழத்தைத் தூக்கிப் போட்டா நான் உட்கார்ந்து அழுவேன்னு நினைச்சீங்களா? நான் அழற ஆளா?"

"நான் ஏன் பழி வாங்கணும்? மேல பூரா தவிடு படிஞ்ச மாதிரி இருக்கு. இங்க கொடு."

வாங்கினார். ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விளக்கைப் போட்டு அதன் கீழே பிடித்தார். அப்புறம் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தார்.

அக்கா அந்த விரலைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷமாகப் பழத்தைக் காம்பில் தவிர வேறெங்கும் தொடாத மனுஷன், கத்துக்குட்டி மாதிரி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மிஷினில் உட்கார்ந்தபடி, "அந்த வெள்ளை நூலை எடுங்க" என்றாள். அவர் வெண்ணெய் நிறத்தை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைச் சட்டையில் பாதி தைத்த பிறகுதான் பார்த்தாள். அத்தனையையும் பிரித்துக்கொண்டே, இந்த ஆளுக்கு என் வேலை என்றால் அவ்வளவு இளக்காரம் என்று நினைத்துத் திட்டித் தீர்த்தாள்.

இப்போது போய், வெள்ளை ஒன்றும் வெண்ணெய் நிறம் ஒன்றுமாக இரண்டு நூல்கண்டுகளைக் கொண்டு வந்தாள்.

"இதுல வெள்ளை எது?"

"என்ன விளையாட்டு இது?"

"சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே."

அக்கா இன்னும் இரண்டு கண்டு எடுத்து வந்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று இளம்பச்சை. சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஏழு சார் வெகுநேரம் பார்த்தார். "பகல்ல கேளு, சொல்றேன்" என்றார்.

ஜன்னலில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ஆறு மாசம் இருக்கும். எல்லாத்து மேலயும் டீத் தண்ணி ஊத்தின மாதிரி."

"கிடங்குல எப்படி?"

"சமாளிக்கறேன். பெட்டியை இறக்கற ஆள்கிட்ட, 'நீ சொல்லு, என்ன நம்பர்?'ன்னு கேப்பேன். அவனுக்குப் பரீட்சை வைக்கற மாதிரி. அவன் சொல்றது சரியாத்தான் இருக்கும். சரின்னு தலையாட்டுவேன்." நூல்கண்டுகளைத் தள்ளி வைத்தார். "இன்னைக்கு அவன் லீவு."

மிச்சத்தையும் அவர் சொன்னார். காலையில் ஒரு லாரி வந்திருக்கிறது. சரக்கோடு, அதை விளைவித்த தோட்டக்காரம்மாவே வந்திருக்கிறாள். இவர் பெட்டியைப் பார்த்து நாலு என்றிருக்கிறார். பழுக்க ஆரம்பித்துவிட்டது, உள்ளே வராது. சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். கிடங்கின் பெயர் அச்சடித்த பெட்டியில் இருக்கும் சரக்கை வேறு யாருக்கும் விற்கவும் கூடாது. சிவப்புச் சீட்டு ஒட்டினால் மறுநாள் காலை பத்து மணிக்கு உரக்குழிக்குப் போய்விடும். அந்தம்மா கரடியாகக் கத்தியிருக்கிறாள். நேற்று வெட்டிய காய், பால்கூடக் காயவில்லை என்று. முப்பத்தோரு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று இவர் கேட்டிருக்கிறார்.

"வீட்டுக்கு வந்ததும் இந்த மூணையும் பார்த்தேன். நேத்துதான் வாங்கினேன்னு நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. நேத்து வாங்கினது அதுக்குள்ள இப்படி ஆகாது. ஆனா என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிஞ்சுது." மூன்று பழத்தையும் மேஜையில் வைத்தார். "பார்க்கவே பிடிக்கல. அதான் போட்டேன்."

அக்காவுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். அந்தப் பெண்பிள்ளை இப்போது எங்கே இருப்பாள்? லாரியில் உட்கார்ந்திருப்பாளா? வருஷம் பூரா தண்ணீர் பாய்ச்சி வளர்த்ததை, பரீட்சை வைக்க ஆள் இல்லாத ஒரே காரணத்துக்காக இந்த மனுஷன் குப்பை என்று எழுதிவிட்டு வந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நாளைக்குக் காலையில போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"தப்பாச் சொல்லிட்டேன்னு. கண்ணு சரியில்லைன்னு."

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிடற. ஒட்டின சீட்டை ஒரு தடவைகூட நான் எடுத்ததில்ல. கண்ணு போன தரக்காரனை எந்தக் கிடங்கு வச்சிருக்கும்? எனக்கே நான் நம்பர் போட்டுக்கிட்ட மாதிரிதான். ஏழு."

"போட்டுக்குங்களேன். ஏழுதானே? இந்த வீட்டுல ஏழு குப்பைக்குப் போறதை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு."

"என்னைப் பழத்தோட சேர்க்காத."

"நீங்கதான் சேர்த்தீங்க. நான் நம்பர் போடற ஆளே இல்ல."

மகள் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, அது கண்புரையா இருக்கும். சின்ன ஆபரேஷன்தான். காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

"கண்ணுல கத்தி வைக்கறது சின்ன ஆபரேஷனா?" ஒரு லாரிச் சரக்கையே ஒரு வார்த்தையில் திருப்பி அனுப்பும் மனுஷர், நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அக்காவுக்கு இரக்கம் வந்தது. வந்தும் அவள் இறங்கி வரவில்லை. "நல்லாக் கேட்டுக்குங்க. நாளைக்குப் பத்து மணிக்கு முன்னால நீங்க சொல்லணும். நீங்க சொல்லலைன்னா, கிடங்கு வாசல்ல நின்னு நான் சொல்வேன். நீங்க தலைகீழா நின்னாலும் சொல்வேன்."

மூன்று பழங்களையும் அக்கா கழுவித் துடைத்துத் திரும்பவும் பழத்தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலையில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார். அக்கா ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். கிடங்கு வாசலில் காவல்காரர் கையை நீட்டினார்.

"ஏழு சார், நீங்க போங்க. குடும்பத்து ஆளுங்க உள்ள வரக்கூடாது."

"நான் குடும்பத்து ஆளா வரல," என்றாள் அக்கா. "இன்னைக்கு இவருக்குக் கண்ணு நான்தான்."

காவல்காரருக்கு அது புரியவில்லை. புரியாததாலேயே விட்டுவிட்டார்.

முற்றத்தில் லாரி நின்றது. பக்கத்திலேயே, உரக்குழிக்குப் போகும் பெரிய தகர வண்டி, வாயைத் திறந்துகொண்டு நின்றது. சுவரோரம் ஆளுயரத்துக்குப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சிவப்புச் சீட்டு. லாரியின் படியில் தோட்டக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஏழு சாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜர் வயதில் சின்னவர். கையில் டேப்லெட்டோடு வந்தார். ஏழு சார் சொன்னார், "நேத்து இந்தச் சரக்குக்கு நான் தப்பா நம்பர் போட்டுட்டேன். சீட்டை எடுக்கணும்."

"சிஸ்டத்துல ஏறிடுச்சே சார். இனிமே மாத்த முடியாது."

"நான்தானே ஏத்தினேன். நானே இறக்கறேன்."

மேனேஜர் அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் அக்காவுக்குக் காது கேட்காமல் போகுமளவுக்குத் தள்ளிப் போகவில்லை. "சார், என்ன சார் நீங்க? உங்க வார்த்தைக்குன்னு இங்க ஒரு மரியாதை இருக்கு. யாருக்கும் தெரியாது. பத்து மணிக்கு வண்டி போயிடும், விஷயம் அத்தோட முடிஞ்சுது. பேரைக் கெடுத்துக்காதீங்க."

ஏழு சார் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவருக்கு அவள் முகம் எவ்வளவு தெரிந்ததோ, தெரியாது. அக்கா வாயைத் திறக்கவில்லை. நேற்று அத்தனை சவால் விட்டவள், இப்போது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் மேனேஜரை விட்டுவிட்டு நேரே பெட்டிகளிடம் போனார். மேல் பெட்டியைத் திறந்தார். கையை உள்ளே விட்டு ஒரு காயை எடுத்தார். கிடங்கில் ஏழு சார் காயைக் கையில் எடுத்து யாரும் பார்த்ததில்லை. பெட்டி சுமந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காயின் விளிம்பை விரலால் தடவினார். விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. காயை இரண்டாக ஒடித்தார். சடக்கென்று உடைந்தது. ஒடித்த இடத்தில் பால் குபுக்கென்று வந்து அவர் விரலெல்லாம் பிசுபிசுத்தது.

கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க, பால். நாலாம் நம்பருக்கு இவ்வளவு பால் வராது. இது ரெண்டு. நேத்து இதை நான் தொட்டுப் பார்த்திருக்கணும். கௌரவம் பார்த்தேன். என் கண்ணு கெட்டுப் போய் ஆறு மாசம் ஆகுது, நான் யார்கிட்டயும் சொல்லல. தப்பு என்னோடது, சரக்கோடது இல்ல."

சொல்லிவிட்டுச் சிவப்புச் சீட்டைப் பிய்த்தார். அடுத்ததைப் பிய்த்தார். மேனேஜர், "சார், சார்" என்றுகொண்டே பின்னால் வந்தார். ஏழு சார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டாத உயரத்தில் இருந்த சீட்டுகளை அக்கா ஒரு காலிப் பெட்டியின் மேல் ஏறி நின்று பிய்த்தாள். வேறு வழியில்லாமல் மேனேஜர் அடுத்த ஷிஃப்ட் தரக்காரருக்கு ஃபோன் போட்டு வரவழைத்தார். அவர் வந்து இருபது பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாமே ரெண்டு" என்றார்.

தோட்டக்காரம்மா படியிலிருந்து இறங்கி வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று மேனேஜர் நினைத்திருக்க வேண்டும், ஒதுங்கி வழி விட்டார். "நேத்து என்ன பேச்சுப் பேசினீங்க! உன் தோட்டத்துக்கு வயசு என்ன, என் அனுபவத்துக்கு வயசு என்னன்னு கேட்டீங்களே! நான் பட்டது எனக்குத்தான் தெரியும்!"

"தப்புதாம்மா," என்றார் ஏழு சார். தலை குனிந்தே இருந்தது.

"கண்ணைப் போய்ப் பாருங்க முதல்ல," என்றாள் அந்தம்மா, அதே கோபத்தோடு.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. நாங்க சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்பறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏழு சார் பால் காய்ந்து கறுத்துக்கொண்டிருந்த விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தார். "நீங்க சொல்லி அனுப்ப வேணாம். கண்ணைச் சரி பண்ணிக்கிட்டு நானே வரேன். என் டேபிள்ல யாரையும் நிரந்தரமா உட்கார வைக்காதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "கண்ணுல கத்தி வைக்கறப்போ நீ உள்ள வரலாமா?" என்று கேட்டார். "வரக்கூடாதுன்னுவாங்க. பார்க்கலாம்," என்றாள்.

இரண்டு கண் ஆபரேஷனுக்கும் சேர்த்து ஏழு வாரம் ஆயிற்று. கிடங்கிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியாகப் போன நாளில் டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஏழு சார் வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக, புதிதாகக் குடி வந்தவர் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார். சுவரில் கறை இருப்பதைக் கண்டுபிடித்தார். திரைச்சீலை நீலம் என்று கண்டுபிடித்தார். மிஷினில் உட்கார்ந்திருந்த அக்காவின் எதிரே வந்து நின்று, "உனக்கு இவ்வளவு நரை எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"நீங்க ஏழு, ஏழுன்னு கத்திக்கிட்டு இருந்தப்போ."

அடுத்து சமையலறைக்குள் போனார். சத்தமே இல்லை. அக்கா எட்டிப் பார்த்தாள். அவர் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் சுரைக்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகளும் கையில் டம்ளரோடு வந்து நின்றாள்.

"இந்த எட்டு தப்பு," என்றார்.

அக்கா எழுந்தாள். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. "இங்க பாருங்க. இத்தனையும் ஆனப்புறமும் நீங்க அந்த எட்டுல கை வச்சீங்கன்னா..."

"அந்தப் பென்சில் டப்பாவை எடு," என்றார் மகளிடம்.

பழத்தட்டில் நாலு நாளாக யாரும் தொடாத ஒரு பழம் இருந்தது. அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அந்தப் பழத்தை முழுக் கையாலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டுல இவ்வளவு சிவப்பு இருக்காது. நீ என்ன செங்கல்லா வரைஞ்சிருக்கே? கறுப்பு காம்புலேர்ந்துதான் இறங்கும். புள்ளியெல்லாம் பெருசாகி ஒண்ணோட ஒண்ணு சேரணும். நுனிப் பக்கம் கடைசி வரைக்கும் கொஞ்சம் மஞ்சள் நிக்கும், பாரு, இங்க." அழித்தார். பழத்தைப் பார்த்தார். வரைந்தார். மறுபடியும் பார்த்தார். "அவசரத்துல வரைஞ்சா இப்படித்தான்."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் எழுதிய வரியை அவர் அழிக்கவில்லை. 'தூக்கிப் போடாதே' என்பது லேசாக மங்கியிருந்தது; அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினார்.

முந்தின நாள் செய்த கேக் டப்பாவில் இருந்தது. அவரே ஒரு துண்டை எடுத்தார். மகளும் அக்காவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெட்டிச் சரக்குக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு மென்றார்.

"சர்க்கரை எதுக்கு இவ்வளவு? எட்டுல இருக்கற இனிப்பே போதும்," என்றார். அடுத்த துண்டை எடுத்தார்.

"அப்பா, இது பாராட்டா?" என்றாள் மகள்.

"தரம் சொன்னேன்."

சாப்பிட்டு முடித்து அட்டையைச் சுருட்டி, அக்காவின் மிஷின் மேலிருந்து ஒரு முழம் நூலை எடுத்துக் கட்டினார். வெள்ளை நூலைத்தான் எடுத்தார். வெண்ணெய் நிறம் பக்கத்திலேயே இருந்தது.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க அதை?"

"நாளைக்குத் திங்கட்கிழமை. வேலைக்குப் போறேன். டேபிளுக்கு மேல மாட்டணும்."

"அவங்கதான் சொல்லியே அனுப்பலையே," என்றாள் அக்கா மெதுவாக.

"எப்படி அனுப்புவாங்க? அவங்க அட்டை ஏழோட முடிஞ்சு போச்சு." சுருட்டிய அட்டையைச் செருப்புக்குப் பக்கத்தில், மறக்காத இடத்தில் நிறுத்தி வைத்தார். "எட்டு இருக்குன்னு நான்தான் போய்ச் சொல்லணும். கேக்ல நாலு துண்டு கட்டி வை."